ஆறு பேருக்கு ஒரு மூச்சு

1

என் பெயர் இணையத்தில் ஒரே ஓர் இடத்தில் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவள் என் மகள் ஜெனி. பதினாறு வயது. எதையும் கண்டுபிடித்துவிடுவாள், தன் அறையில் கிடக்கும் அழுக்குத் துணியைத் தவிர.

நாங்கள் இங்கிலாந்தின் வடக்கே, ஒரு காலத்தில் நூற்பாலைகளால் பிழைத்த ஊர் ஒன்றில் இருக்கிறோம். கணவருக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. எனக்கு ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் சோதனைக் குழாய் கழுவுகிற வேலை. வேடசந்தூரில் பத்து வருடம் அறிவியல் டீச்சராக இருந்தவள் இங்கே குழாய் கழுவுகிறாளே என்று ஊரில் சிலர் வருத்தப்படுவதாகக் கேள்விப்பட்டேன். வருத்தப்பட வேண்டாம். அங்கே அந்தப் பத்து வருடமும் கழுவுவதற்கு எங்களிடம் குழாயே கிடையாது.

வந்த புதிதில் ஒவ்வொரு படிவமும் என்னிடம் குடும்பப் பெயர் கேட்டது. எனக்கு இருந்தது இனிஷியல்தான். ஆ. ஜெசிந்தா. அந்த ‘ஆ’வை விரித்து எழுதச் சொன்னார்கள், எழுதினேன். அன்றிலிருந்து திண்டுக்கல் நாகல் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த என் அப்பா ஆரோக்கியசாமி, மிஸஸ் ஆரோக்கியசாமி ஆகிவிட்டார். பல் டாக்டரிடம் போனால் வரவேற்பறையில் என் அப்பாவைக் கூப்பிடுவார்கள். நான் எழுந்து போவேன்.

ஜெனி முதலில் மிஸஸ் ஆரோக்கியசாமியைத் தேடியிருக்கிறாள். இணையத்துக்கு அப்படி யாரையும் தெரியவில்லை. பிறகு ஊர்ப் பெயரையும் பழைய இனிஷியலையும் போட்டுத் தேடியபோது ஒரு மருத்துவ ஆராய்ச்சிக் கட்டுரை வந்து நின்றது. பல வருடம் காசு கட்டுகிறவர்களுக்கு மட்டும் திறந்த பத்திரிகை அது. இப்போது பழைய இதழ்களையெல்லாம் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், அச்செடுக்கலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று திறந்துவிட்டார்களாம். திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைத் தொழிலாளர்களின் மூச்சைப் பற்றிய கட்டுரை. கடைசிப் பக்கத்தில், படிவத்தைத் தமிழாக்கித் தொழிலாளர்களுக்கு வாசித்துக் காட்டிய ஆ. ஜெசிந்தாவுக்கு நன்றி.

“அம்மா, நீ சயின்ஸ்ல இருக்க,” என்றாள் ஜெனி. அவள் என்னிடம் தமிழில் ஒரு முழு வாக்கியம் பேசி மூன்று வாரம் ஆகியிருந்தது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்த மாதம் இங்குள்ள பல்கலைக்கழகம் பொதுமக்களுக்காக ஒரு அறிவியல் மாலை நடத்துகிறது, பள்ளிப் பிள்ளைகளும் படம் ஒட்டி விளக்குவார்கள். அதற்கு அவள் ஏற்கெனவே தலைப்புக் கொடுத்துவிட்டாள்: எங்கள் வீட்டில் ஒரு ஆராய்ச்சியாளர். நான் பக்கத்தில் நிற்க வேண்டுமாம், முடிந்தால் சேலையில்.

நான் கட்டுரையைப் பார்த்தேன். நன்றி சொன்ன வரியை விரலால் மறைத்துக்கொண்டேன்.

2

அந்தக் கட்டுரையின் கதையில் பாதிதான் கட்டுரையில் இருக்கிறது. மீதி என்னிடம் இருந்தது.

தொண்ணூறுகளின் பின்பாதி. டெல்லியிலிருந்து ஒரு டாக்டரம்மா இரண்டு உதவியாளர்களோடு வேடசந்தூர்ப் பக்கத்து மில் ஒன்றுக்கு வந்தார். பஞ்சுத் தூசி நுரையீரலை என்ன செய்கிறது என்று பார்ப்பது நோக்கம். ஒரு மெஷின் கொண்டுவந்திருந்தார்கள். அதன் குழாயில் வாயை வைத்து முழு மூச்சையும் ஊத வேண்டும், எவ்வளவு காற்று, எவ்வளவு வேகம் என்று அது எழுதிவிடும். வார லீவு முடிந்து வருகிற நாளில், ஷிஃப்டுக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை. இந்தத் தூசி வியாதிக்கு அப்படி ஒரு குணம். லீவு முடிந்து வேலைக்குத் திரும்புகிற அன்றைக்குத்தான் நெஞ்சை அதிகமாக இறுக்கும்.

டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அதனால் பக்கத்துப் பள்ளியின் அறிவியல் டீச்சரைப் பிடித்தார்கள். சம்மதப் படிவத்தை வாசிப்பது, பெயர் கூப்பிடுவது, வந்த ஆள் அந்த ஆள்தானா என்று பார்த்து டிக் போடுவது என் வேலை. இதில் கடைசி வேலையை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பி செபஸ்தியான், எங்களுக்குச் செபா, அந்த மில்லில்தான் இருந்தான். புளோ ரூமில். பஞ்சு மூட்டையைப் பிரித்து, உதறி, இயந்திரத்துக்குக் கொடுக்கிற இடம். மில்லிலேயே தூசி அதிகம் அங்கேதான். ஷிஃப்டு முடிந்து சைக்கிளில் வருகிறவனைப் பார்த்தால் டிசம்பர் மாதத்துக் கிறிஸ்துமஸ் தாத்தா மாதிரி இருப்பான். அப்போது அவன் பெர்மனென்ட் ஆகவில்லை.

“இது ஆராய்ச்சிக்காக மட்டுமே. தனிநபர் முடிவுகள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்கப்பட மாட்டா. பங்கேற்பதும் விலகுவதும் தங்கள் விருப்பம்,” என்று வாசித்தேன். என் தமிழில் எனக்கே கொஞ்சம் பெருமை.

வாசித்து முடித்ததும் முருகேசன் என்ற புளோ ரூம் ஆள் கையைத் தூக்கினார். “சரிங்க டீச்சர், ஊதாட்டி வேல போயிருமா?”

திரும்ப வாசித்தேன்.

“அதான் கேக்கேன். நல்லா ஊதாட்டி?”

எங்கள் பக்கத்தில் மெடிக்கல் என்று ஒன்று வந்தால் அதற்கொரு வழக்கம் உண்டு. கண் சரியாகத் தெரியாதவனுக்காகக் கண் தெரிகிற சித்தப்பா மகன் போய் எழுத்து வாசித்துவிட்டு வருவான். சர்க்கரை உள்ளவனுக்காகச் சர்க்கரை இல்லாதவன் புட்டியை நிரப்பிக் கொடுப்பான். இதை யாரும் ஏமாற்று என்று நினைப்பதில்லை. கல்யாணத்துக்கு அண்டா இரவல் கொடுக்கிறோம், மெடிக்கலுக்கு உடம்பு.

மூச்சை இரவல் கொடுக்க அந்த மில்லில் பொருத்தமான ஒருவன் இருந்தான். லூர்து. குடோனில் மூட்டை ஏற்றுகிறவன், பரிசோதனைப் பட்டியலில் இல்லாதவன். எங்கள் கோயில் பேண்டு செட்டில் டிரம்பெட் அவன்தான். தேர்ப்பவனியில் ஒரு தெரு முழுக்க வாயிலிருந்து டிரம்பெட்டை எடுக்காமல் வருவான்.

முதல் பெயர் கூப்பிட்டேன், லூர்து வந்தான். இரண்டாவது பெயர் கூப்பிட்டேன், வேறு சட்டையில் லூர்து வந்தான். மூன்றாவது முருகேசன்.

“லூர்து, இது என்ன வேல?” என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

“டீச்சரம்மா, நா இப்ப முருகேசன்.”

“அந்தம்மா கண்டுபிடிச்சா?”

“அவுகளுக்கு நம்ம எல்லாரும் ஒண்ணுபோலதான் தெரிவோம். நீங்க பேரக் கூப்டுங்க.”

உயரமும் அளந்தார்கள். லூர்து ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு அளவுக்கு முழங்காலை மடித்து நின்றான். ஒருவருக்கு மூன்று முறை ஊத வேண்டும். காலையில் ஆறு பேர், ஷிஃப்டு முடிந்ததும் அதே ஆறு பேர். மொத்தம் எத்தனை என்று கணக்கு டீச்சரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாயங்காலம் உதடு வீங்கிச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். “தேருக்குக்கூட நா இம்புட்டு ஊதுனதில்ல டீச்சரம்மா.”

ஆறாவது பெயர் செபஸ்தியான். ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று என் தம்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் “வெரி குட், வெரி குட்” என்று மகிழ்ந்துகொண்டிருந்தார். நான் டிக் போட்டேன்.

முடிவுச் சீட்டை அவரவர் கையில் மட்டுமே கொடுத்தார்கள், சொன்ன சொல் தவறவில்லை. அதை ஜெராக்ஸ் எடுத்து ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தவன் செபாவேதான். மறு வருடம் பெர்மனென்ட் ஆனான். சீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிப் பார்த்தேன், யார் கேட்டார்கள். ஆறு பேரும் சேர்ந்து லூர்துவுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்கள். எனக்கும் ஒரு பொட்டலம் வந்தது. சாப்பிட்டேன்.

3

“இங்க ஒரு விநோதம் இருக்கு,” என்று ஜெனி ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பித்தாள். மற்றப் பிரிவுகளில் தூசி கூடக் கூட மூச்சு குறைகிறது. தூசி அதிகமான புளோ ரூமில் மட்டும் பலருக்கு மூச்சு பிரமாதமாக இருக்கிறது, ஷிஃப்டு முடிந்த பிறகும். அதற்குக் காரணம் சொல்ல டாக்டரம்மா ஒரு பத்தி முழுக்கப் பாடுபட்டிருந்தார். கடினமான இடத்தில் உடல் வலுவுள்ளவர்களே தாக்குப்பிடித்து நிற்பதால் இப்படி இருக்கலாம் என்று எழுதியிருந்தார். படித்தவர்கள் நியாயமாக யோசித்து எழுதிய பத்தி. அதில் ஒரு டிரம்பெட் மட்டும் இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. சிரிப்பு நின்றது.

ஞாயிறு காலையில், அங்கே பூசை முடிந்து சாப்பாட்டு நேரம், போன் கார்டு போட்டு எரியோட்டில் இருக்கும் செபாவிடம் பேசுவேன். அன்றைக்கு, “அக்கா... செத்த இரு,” என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்கினான். மாடி ஏறினாயா என்றேன். “வீட்டுக்குள்ள கட்டில்லதான் உக்காந்துருக்கேன்,” என்றான்.

புளோ ரூமை விட்டு வேறு பிரிவு கேட்டுப் பார்த்திருக்கிறான். வாரம் ஒருமுறை மில்லுக்கு வருகிற டாக்டர் ஃபைலைத் திறந்தாராம். “ஒனக்கு என்னப்பா, நெஞ்சு எம்புட்டு நல்லாருக்குன்னு டெல்லி டாக்டரே எழுதிக் குடுத்துருக்காங்க.” அது அந்தக் காலத்துச் சீட்டு என்று செபா சொன்னதற்கு, இங்கிலீஷில் அச்சடித்த ஏதோ தாளைக் காட்டி, புளோ ரூம் ஆட்களுக்குத் தனியாக ஒன்றும் கெடுதல் இல்லை என்று ஆராய்ச்சியே சொல்கிறது என்றாராம்.

என்ன தாள் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. இப்போது ஜெனியின் திரையில் இருந்தது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்றால், மில் ஆபீஸும் படிக்கலாம். அந்த டாக்டரை நான் எப்படிக் குறை சொல்வேன். எழுதியிருந்ததைத்தான் அவர் வாசித்தார். செபாவின் நெஞ்சுக்கு எதிராக அவர் கையில் இருந்த சாட்சி, என் டிக்.

4

அறிவியல் மாலை ஒரு பழைய நூற்பாலைக் கட்டடத்தில் நடந்தது. இந்த ஊரில் மில்கள் மூடி ரொம்ப காலம் ஆயிற்று. சிலவற்றில் வீடுகள், சிலவற்றில் விழாக்கள். தரையைத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள், ஒரு தூசி கிடையாது. செபா பார்த்தால் இதை மில் என்று நம்பவே மாட்டான்.

வாசலிலேயே ஒரு மேஜையில் ஊதுகிற மெஷின். ஊதினால் திரையில் மெழுகுவர்த்திகள் அணையும், குழந்தைகள் வரிசையில் நின்றார்கள். மேஜைக்குப் பின்னால் ஹாரி என்று ஒரு வயதானவர், நெஞ்சில் ‘என்னைக் கேளுங்கள்’ என்று ஒட்டியிருந்தது. இதே கட்டடத்தில் பஞ்சு சீவுகிற பிரிவில் வேலை பார்த்தவராம். அவரும் ஊதிக் காட்டினார். ஒரு மெழுகுவர்த்திகூட அணையவில்லை. நாடகம் முடிந்த நடிகர் மாதிரி குனிந்து வணங்கினார்.

வேறு யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டேன். “ஒருவருக்குப் பதில் இன்னொருவர் ஊதினால் மெஷினுக்குத் தெரியுமா?”

“மெஷினுக்குத் தெரியாது. யார் ஊதினார்?”

ஊர்க்காரர் ஒருவர் என்றேன். எங்கள் ஊரில் யாரைச் சொன்னாலும் ஊர்க்காரர்தான்.

ஹாரி இருமிச் சிரித்தார். “எங்களைச் சோதிக்க வந்தவர்களிடம் திங்கட்கிழமை நெஞ்சு இறுக்கத்தை நாங்கள் யாரும் சொன்னதில்லை. சொன்னால் அனுப்பிவிடுவார்கள் என்று பயம். எல்லாரும் நலம் என்றோம். அவர்களும் நலம் என்று எழுதிக்கொண்டார்கள். பிறகு நலமில்லை என்று நிரூபிக்கப் பாதி ஆயுள் போயிற்று.” கட்டுரை விஷயத்தையும் சொன்னேன். “எழுதியவரின் மின்னஞ்சல் முதல் பக்கத்தில் இருக்குமே. அதை அலங்காரத்துக்கா போடுகிறார்கள்?” என்றார்.

அந்தப் பக்கம் ஜெனி என் பெயரைப் பெரிய எழுத்தில் ஒட்டிவிட்டு, ஒரு கூட்டத்துக்கு என்னை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தாள். கை தட்டினார்கள். நான் பட்டுச் சேலையில் நின்று, திருடியவள் வணக்கம் சொல்வது மாதிரி ஒரு வணக்கம் சொன்னேன்.

5

திரும்பும் பேருந்தில் ஜெனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“பிரியாணி சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்.”

“எத்தன பேர்?”

“ஆறு.”

“பேர் எல்லாம் ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப சரி பண்ணலாம்,” என்றாள். அழுவாள் அல்லது என்னோடு பேச மாட்டாள் என்று பயந்து வந்த எனக்கு, குழாய் ஒழுகுகிறது என்று சொன்னதற்குப் பதில் மாதிரி இருந்தது. ஒட்டிய படத்தை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். வீட்டில் அதை மறுபடி மாட்டவில்லை.

ஞாயிறு செபாவிடம் சொன்னேன்.

“ஒனக்கு என்னக்கா, பைத்தியமா? ஆள் மாறாட்டம்னு வெளிய தள்ளிட்டா நா என்ன செய்ய?”

“ஊதுனதுக்கும் வேலைக்கும் சம்பந்தமே இல்லடா. அன்னைக்கே வாசிச்சேன்ல.”

“நீ வாசிச்சது யாருக்கு வெளங்குச்சு? செய்யுள் கணக்கா வாசிச்ச. தங்கள் விருப்பமாம், தங்கள்.” இன்னும் திட்ட வந்தான். கோபத்துக்கே மூச்சு பத்தவில்லை. போனில் அவன் நெஞ்சு விசிலடிப்பது மட்டும் கேட்டது. கார்டு தீர்ந்துவிடுமோ என்று பயந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

“என் பேரு போடாம எழுதுவியா?” என்றான் கடைசியில்.

“பேரு டாக்டரம்மாவுக்கு மட்டுந்தான் தெரியும், வெளிய யார் பேரும் வராது. மத்தவங்களும் சரின்னாத்தான் எழுதுவேன்.”

“நாலு பேர்ட்ட நா கேட்டுக்கிறேன். முருகேசன் இல்லக்கா.”

“எங்க போயிட்டாரு?”

“செத்துப்போயி ஒரு வருசமாச்சு. நெஞ்சுதான்.”

நா இப்ப முருகேசன் என்று லூர்து சொன்னதும், வெரி குட் என்ற குரலும் அன்று முழுக்க என் காதில் இருந்தன. உண்மையான முருகேசன் ஊதியிருந்தால் அந்த மெஷின் என்ன எழுதியிருக்கும், அதைப் பார்த்து யாராவது ஏதாவது செய்திருப்பார்களா, எனக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கப்போகிறது. முருகேசனின் மனைவியிடம் செபா போய்க் கேட்டான். “டீச்சர் எழுதட்டும்,” என்றாராம். அவ்வளவுதான் சொன்னாராம்.

மன்னிப்புக் கடிதத்தை ஆங்கிலத்தில் நான்கு பக்கம் எழுதினேன். ஜெனி அதை அரைப் பக்கமாக வெட்டினாள். “நீ எவ்வளவு வருத்தப்படறேங்கறது டேட்டா இல்லம்மா,” என்றாள்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. டாக்டரம்மா திட்டவில்லை. ஆறு பேரையும் நீக்கிவிட்டு மறுபடி கணக்குப் பார்ப்பதாகவும், அதைத் திருத்தமாக அதே கட்டுரையோடு, அதே போல் எல்லாருக்கும் திறந்தபடி வெளியிடக் கேட்பதாகவும் எழுதியிருந்தார். அந்தப் பழைய சீட்டைக் காட்டி யாருக்கும் எதையும் மறுக்கக் கூடாது, புதிதாகப் பரிசோதிக்க வேண்டும் என்று தனியாக ஒரு கடிதம் இணைத்திருந்தார். கடைசியில் ஒரு வரி: முருகேசன் என்று வந்தவரின் உதடு ஏன் அப்படி வீங்கியிருந்தது என்று ஊருக்குத் திரும்பும் ரயிலில் யோசித்தேன், கேட்காமல் விட்டது என் தவறு.

இன்னொரு வேலையும் வைத்தார். சம்மதப் படிவத்தை மறுபடி எழுதித் தர வேண்டும், இந்த முறை ஆட்களுக்குப் புரிகிற மாதிரி. எழுதியதைச் செபாவுக்குப் போனில் வாசித்தேன். “நல்லா ஊதுனாலும் வேல போகாது, மோசமா ஊதுனாலும் வேல போகாது. உங்க மூச்ச நீங்களே ஊதுங்க. வேற ஆள அனுப்பாதீங்க.”

“இது தமிழு,” என்றான் செபா.

6

செபா திண்டுக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஊதினான். துணைக்கு லூர்து. வரிசையில் நிற்கும்போது, “ஏலே, வேணும்னா நா வரட்டா?” என்று லூர்து கேட்டானாம். நர்ஸ் முறைத்தாராம்.

“எப்படி வந்துச்சு?” என்றேன்.

“படு மோசம்க்கா,” என்றான் செபா, பாஸானவன் குரலில். ஆனால் போனது திரும்ப வராது என்று டாக்டர் சொன்னதையும் அவனே சொன்னான். தூசியை விட்டு விலகினால் இனிமேல் போவது நிற்கலாம், அம்புட்டுதான்.

அந்தச் சீட்டையும் டெல்லிக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு மில் டாக்டரைப் பார்த்தான். ஆள் மாறாட்டத்துக்காக யாரும் அவனைத் தள்ளவில்லை. சில வாரம் இழுத்தார்கள், பிறகு நூல்கண்டுகளைப் பெட்டியில் அடுக்குகிற பிரிவுக்கு மாற்றினார்கள். மற்ற நால்வரில் இருவர் ஊதியிருக்கிறார்கள். இருவர் இன்னும் யோசிக்கிறார்கள். திருத்தம் இன்னும் வெளிவரவில்லை. குழாய் கழுவப் போகும்முன் தினமும் ஒருதரம் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன்.

போன ஞாயிறு கேட்டேன். “புளோ ரூம்ல ஒன் எடத்துக்கு யாரு வந்துருக்கா?”

“நம்ம எரியோட்டு ஆளுதான். ரெண்டு பிள்ளைக்காரன். நல்ல தெம்பு. மூட்டைய ஒத்தக் கையில பெரட்டுறான்.”

செபாவும் அப்படித்தான் புரட்டினான். “அவன ஊதச் சொல்லி...”

“மொத வாரமே கூட்டிட்டுப் போயி ஊத வச்சுட்டேன்க்கா. சீட்டு அவன் வீட்டுல இருக்கு. வருசா வருசம் ஊதணும், கொறஞ்சா போயி எடத்த மாத்தக் கேக்கணும்னு சொல்லிருக்கேன்.”

“கேப்பானா?”

செபா மூச்சு வாங்கிக்கொண்டான்.

“நா கேப்பேன்,” என்றான்.